ஸ்டர்லிங் – அலோவா – கின்கார்டின் இருப்புப்பாதை

ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில், ஃபோர்த் ஆற்றின் வடகரையை ஒட்டிச் செல்லும் ரயில் பாதை. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். ஸ்டர்லிங் நகரில் பிரிந்து, அலோவா, கின்கார்டின் ஊர்கள் வழியாக லாங்கனெட் அனல் மின் நிலையம் இருந்த இடத்தை அடைகிறது. 19ஆம் நூற்றாண்டில் போடப்பட்ட இந்தத் தடம் 1968-க்குள் பயணிகள் வண்டியை முழுவதும் இழந்தது. மிச்சமிருந்த சரக்குப் போக்குவரத்தும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோக, பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. 2008-ல் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கான செலவை நியாயப்படுத்தியது நிலக்கரி. பயணிகள் சேவை அதோடு கூடவே வந்த சலுகை. கரி வண்டிகள் எட்டு ஆண்டுகளுக்குள் நின்றுவிட்டன. பயணிகள் வண்டி இன்றும் ஓடுகிறது.

தொடக்கம்

கிளாக்மனன்ஷயர் ஸ்காட்லாந்தின் பழைய மாவட்டங்களிலேயே மிகச் சிறியது. அதன் பெரிய ஊர் அலோவா. 1750-ல் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலை, பெயர் பெற்ற பீர் ஆலைகள், கம்பளி நூல் ஆலை என்று ஊரின் அளவுக்கு மீறிய தொழில்கள் அங்கே இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், சொல்லின் நேர்ப்பொருளிலேயே, நிலக்கரி இருந்தது. எர்ஸ்கின் குடும்பத்தாரின் சுரங்கங்களிலிருந்து அலோவா துறைமுகத்துக்குக் கரி கொண்டுபோக 1768-லேயே மரத் தண்டவாளம் போட்டு, குதிரை பூட்டிய வண்டிகளை ஓட்டினார்கள். நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் ஏறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய கதை இது. இந்த வட்டாரத்தில் தண்டவாளம் சரக்குக்காகத்தான் பிறந்தது. ஆட்கள் ஏறியது பிறகுதான்.

நீராவி வண்டிக்கான பாதையைப் போட்டது ஸ்டர்லிங் அண்ட் டன்ஃபெர்ம்லின் ரயில்வே கம்பெனி. கிழக்கே டன்ஃபெர்ம்லினிலிருந்து அலோவா வரை 1850-லும், அங்கிருந்து ஸ்டர்லிங் வரை 1852-லும் வண்டி ஓடத் தொடங்கியது. சிறு கம்பெனிகளைப் பெரியவை விழுங்கிய காலம் அது. 1858-ல் எடின்பரோ அண்ட் கிளாஸ்கோ கம்பெனியின் கைக்கும், 1865-ல் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்கும் பாதை மாறியது.

போட்டிக் கம்பெனியான கலிடோனியன் ரயில்வே சும்மா இருக்கவில்லை. ஃபோர்த் ஆற்றின் தென்கரையிலிருந்து அலோவாவுக்கு வர 1885-ல் ஒரு பாலம் கட்டியது. கப்பல் வந்தால் நடுப்பகுதி திரும்பி வழிவிடும் சுழல்பாலம். சிறிய ஓர் ஊருக்கு இரண்டு கம்பெனிகள் இவ்வளவு செலவிட்டதிலிருந்தே அங்கே கிடைத்த சரக்கின் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பாலத்தில் 1968-ல் பயணிகள் வண்டி நின்றது; பிறகு பாலம் பிரிக்கப்பட்டது. தூண்கள் மட்டும் ஆற்றில் நிற்கின்றன.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான கிளை 1893-ல் வந்தது. அலோவாவிலிருந்து ஆற்றோரமாகக் கின்கார்டின் வரை நார்த் பிரிட்டிஷ் கம்பெனி போட்ட பாதை அது. 1906-ல் அதைக் கூரஸ் வழியாக டன்ஃபெர்ம்லின் வரை நீட்டினார்கள். ஆக, அலோவாவுக்கும் டன்ஃபெர்ம்லினுக்கும் இடையே இரண்டு வழிகள்: கரையிலிருந்து உள்ளே தள்ளிப் பழைய மெயின் லைன், கரையோரத்தில் கின்கார்டின் கிளை. கரையோரக் கிளையில் பயணிகள் வண்டி 1930-லேயே நின்றுவிட்டது. நூறாண்டு கழித்துப் பிழைத்தது மெயின் லைன் அல்ல, யாரும் பெரிதாக மதிக்காத இந்தக் கிளைதான்.

மூடல்

1960களில் பிரிட்டன் முழுவதும் நட்டக் கணக்குக் காட்டி ரயில் பாதைகளை வெட்டினார்கள். அலோவாவிலிருந்து வடகிழக்கே டெவன் பள்ளத்தாக்கு வழியாகக் கின்ராஸ் சென்ற பாதை 1964-ல் பயணிகளை இழந்தது. ஸ்டர்லிங் – அலோவா – டன்ஃபெர்ம்லின் சேவையும் 1968 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் கிளாக்மனன்ஷயரில் பயணிகள் ரயிலே இல்லை.

சரக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. டாலர் என்ற ஊரின் சுரங்கத்துக் கரி 1973 வரை வந்தது. 1979-ல் அலோவாவுக்கும் டன்ஃபெர்ம்லினுக்கும் இடையிலான பழைய மெயின் லைனில் வண்டிகள் நின்றன. அதன் மண்மேடு பின்னாளில் சைக்கிள் பாதையானது. ஸ்டர்லிங்கை ஒட்டிய மேற்குப் பகுதியில், கேம்பஸ் என்ற ஊர் வரை வந்து மென்ஸ்ட்ரி ஊருக்குத் திரும்பும் மொலாசஸ் வண்டிகள் 1990களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தன. அவையும் நின்ற பிறகு தண்டவாளம் இருந்தது, வண்டி இல்லை.

மூடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்று, நிலத்தையும் கைமாற்றிவிடுவது. மற்றது, வண்டியை மட்டும் நிறுத்திவிட்டுப் பாதையை அப்படியே போட்டுவைப்பது. இரண்டாம் வகையில் ஜல்லிக்கு நடுவே மரம் முளைக்கும், சிக்னல் கம்பிகள் திருடுபோகும், ஆனாலும் நிலத்தின் மேலுள்ள உரிமை ரயில்வேயிடமே இருக்கும். அலோவா பாதையின் பெரும்பகுதிக்கு இந்த இரண்டாவது விதி வாய்த்தது. ஊருக்குள் மட்டும் நிலைமை வேறு. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் உள்ளரங்க விளையாட்டு மையம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பிறகு வண்டி திரும்பி வந்தபோது நிலையத்தைச் சற்றுக் கிழக்கே புதிதாகக் கட்ட நேர்ந்தது இதனால்தான்.

1990களின் இறுதியில் அலோவாவின் பெரிய பீர் ஆலையும் கம்பளி நூல் ஆலையும் மூடப்பட்டன. ஊரில் வேலை குறைய, கிளாஸ்கோவுக்கோ எடின்பரோவுக்கோ வேலைக்குப் போய்வர வேண்டியவர்கள் கூடினார்கள். ரயில் வேண்டும் என்ற பழைய கோரிக்கை உள்ளாட்சி மன்றத்தில் வலுத்தது. ஆனால் ஐம்பதாயிரம் பேருக்கும் குறைவான ஒரு மாவட்டத்தின் பயணிகளை மட்டும் காட்டிக் கோடிக்கணக்கில் பணம் வாங்க முடியாது. அதற்கு வேறொரு காரணம் தேவைப்பட்டது.

லாங்கனெட்

அந்தக் காரணம் கின்கார்டினுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் நின்றது. 1970-ல் மின்சாரம் தரத் தொடங்கிய லாங்கனெட் அனல் மின் நிலையத்தில் 600 மெகாவாட் அலகுகள் நான்கு; மொத்தம் 2,400 மெகாவாட். 183 மீட்டர் உயரப் புகைபோக்கி சுற்றுவட்டாரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். முழு வேகத்தில் ஓடினால் ஆண்டுக்கு 45 லட்சம் டன் கரி வேண்டும்.

இதைக் கட்டியபோது ரயிலைப் பெரிதாக நம்பவில்லை. சுற்றியிருந்த சுரங்கங்களைப் பூமிக்கடியிலேயே இணைத்து, பல கிலோமீட்டர் நீளக் கன்வேயர் பெல்ட்டில் கரியை நேராக மின் நிலையத்தின் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். தோண்டிய கரி வெளிச்சத்துக்கு வருவதே கொதிகலனுக்குப் பக்கத்தில்தான் என்கிற அழகான ஏற்பாடு. ரயிலில் வந்தது கூடுதல் கரி மட்டும். 2002 மார்ச்சில், ஆட்கள் இல்லாத பழைய சுரங்கப் பகுதியிலிருந்து தண்ணீர் உடைத்துக்கொண்டு இந்தச் சுரங்கத் தொகுதிக்குள் பாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கம் அத்தோடு முடிந்தது. வாசலில் கிடைத்த கரி போய், முழுக்க முழுக்க வெளியிலிருந்து வரும் கரியை நம்பும் நிலை.

அந்தக் கரியில் பெரும்பங்கு கப்பலில் வந்தது. மேற்குக் கடற்கரையில், ஏர்ஷயரில் உள்ள ஹன்டர்ஸ்டன் ஆழ்கடல் துறையில் இறக்கி, அங்கிருந்து வேகன்களில் ஏற்றினார்கள். மேற்கிலிருந்து கிழக்கே வரும் வண்டிக்கு ஸ்டர்லிங் – அலோவா வழிதான் இயல்பான வழி. அது மூடிக் கிடந்ததால், வண்டிகள் நாட்டின் குறுக்கே எடின்பரோ வரை போய், 1890-ல் கட்டிய புகழ்பெற்ற ஃபோர்த் பாலத்தைக் கடந்து, ஃபைஃப் மாவட்டத்துக்குள் சுற்றி, டன்ஃபெர்ம்லின் பக்கமிருந்து கரையோரமாக மேற்கு நோக்கித் திரும்பி லாங்கனெட்டை அடைந்தன. பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போன கதை.

தூரம்கூடப் பெரிய சிக்கல் இல்லை. பாலம்தான் சிக்கல். எடின்பரோவிலிருந்து ஃபைஃபுக்கும் அபர்டீனுக்கும் போகும் பயணிகள் வண்டிகள் எல்லாம் அந்த ஒரே பாலத்தில்தான் போக வேண்டும். கனமான கரி வண்டி ஏறினால் மெதுவாகத்தான் ஊரும். எடைக்கும் வரம்பு உண்டு. ஒரு கரி வண்டி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பயணிகள் வண்டிகள் கடந்துவிடலாம். அலோவா பாதையைத் திறந்தால் கரிக்குக் குறுக்குவழி கிடைக்கும், பாலத்தில் பயணிகளுக்கு இடம் கிடைக்கும். இந்த வாதம்தான் வென்றது. கிளாக்மனன்ஷயருக்கு ரயில் வந்ததில் கிளாக்மனன்ஷயரின் தேவைக்கு இருந்த பங்கைவிட, ஆற்றுக்கு அப்பால் இருந்த பாலத்தின் நெரிசலுக்கு இருந்த பங்கு அதிகம் என்று சொன்னால் மிகையாகாது.

சட்டமும் கட்டுமானமும்

நிலம் கையகப்படுத்தவும் புதிய ரயில் பாதை போடவும் அப்போது ஸ்காட்லாந்தில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கிளாக்மனன்ஷயர் மன்றம் மசோதாவைக் கொண்டுவந்தது. 2004 ஜூலை 1 அன்று நிறைவேறி, ஆகஸ்டில் அரச ஒப்புதல் பெற்றது. 1999-ல் அமைந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய முதல் ரயில்வே சட்டம் இதுதான். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சட்டம் என்ற இந்தச் சுற்றுவழியை 2007-ல் வந்த வேறொரு சட்டம் நீக்கியது.

சட்டத்தின் பெயரில் கின்கார்டின் இருக்கிறது. ஆனால் கின்கார்டினில் பயணிகள் இறங்க நிலையம் கட்டப்படவில்லை. பயணிகளுக்கு அலோவாதான் கடைசி. அதற்கு அப்பால் உள்ள தடம் முழுவதும் சரக்குக்கு.

2005-ல் வேலை தொடங்கியது. பழைய தடம் அப்படியே கிடந்ததால் சும்மா துருவைச் சுரண்டி ஓட்டிவிடலாம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் மிஞ்சியது நிலமும் மண்மேடும்தான். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, சிக்னல் எல்லாமே புதிதாகப் போட வேண்டும். பாலங்களைச் சரிசெய்ய வேண்டும். சாலைகள் குறுக்கிடும் இடங்களில் இக்காலப் பாதுகாப்பு விதிகளின்படி கேட்டோ மேம்பாலமோ அமைக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று பாதைக்கு அடியில் பழைய சுரங்கக் குடைவுகள். அந்த மாவட்டத்தை வாழவைத்த அதே கரியின் வெற்றிடங்கள். மேலே ஆயிரம் டன்னைத் தாண்டும் வண்டிகள் ஓட வேண்டுமானால் அவற்றுக்குள் கலவையைச் செலுத்தி நிரப்பித்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் 3.7 கோடி பவுண்டு என்று போட்ட மதிப்பீடு, முடியும்போது ஏறத்தாழ 8.5 கோடியைத் தொட்டது. 2007 கோடையில் திறப்பதாக இருந்தது ஓராண்டு தள்ளிப்போனது.

2008 மே 15 அன்று அதிகாரபூர்வத் திறப்பு. மே 19 முதல் அலோவாவிலிருந்து கிளாஸ்கோவுக்கு மணிக்கு ஒரு வண்டி. முதலாண்டில் சுமார் 1,55,000 பேர் பயணிப்பார்கள் என்று கணித்திருந்தார்கள். ஏறியவர்கள் நான்கு லட்சம் அளவில் இருந்தார்கள். கரியைக் காட்டிப் பணம் கேட்டவர்களின் கணக்கில் பயணிகள் எவ்வளவு ஓரமாக இருந்தார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

கரி வண்டிகள்

பயணிகள் சேவையை அடுத்து லாங்கனெட் வண்டிகளும் இந்த வழிக்கு மாறின. வழக்கமான வண்டி என்றால் முன்னால் 3,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஒரு டீசல் எஞ்சின், பின்னால் இருபது வேகன்கள் அளவில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 75 டன் கரி. இந்த வண்டிகள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய முறையில் கூட்ஸ் வண்டி வந்து நிற்கும்; எஞ்சினைக் கழற்றுவார்கள்; வேகன்களைப் பிரித்துச் சரக்கை இறக்கி, காலியானதை மறுபடி கோத்து அனுப்புவார்கள். நாட்கணக்கில் வேகன்கள் யார்டில் தூங்கும். 1960களில் பிரிட்டிஷ் ரயில்வே கரிக்கென்று வேறு முறையைக் கொண்டுவந்தது. மின் நிலையத்துக்குள் தண்டவாளம் ஒரு வளையமாகச் சுற்றிவரும். வண்டி நிற்பதே இல்லை. மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே ஊர்ந்தபடி இறக்குமிடத்தைக் கடக்கும். வேகனின் அடிக்கதவு திறக்க, கரி தண்டவாளத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தில் கொட்டும். கதவு மூடிக்கொள்ளும், அடுத்த வேகன் வரும். கடைசி வேகன் காலியாகும்போது எஞ்சின் வந்த வழிக்கே திரும்பியிருக்கும். இதற்கு ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’ என்று பெயர். இந்தியாவில் ராமகுண்டம் போன்ற என்டிபிசி அனல் மின் நிலையங்களிலும் இதே முறை உண்டு. அங்கே ரயில்காரர்கள் அதைச் சுருக்கி எம்.ஜி.ஆர். என்பார்கள்.

இவ்வளவு சீரான சுழற்சிக்கு ஒரு விலை இருந்தது. கொதிகலன் இரவு பகல் பார்ப்பதில்லை. பகலில் பயணிகள் வண்டிகளுக்கு வழிவிட வேண்டிய பெரும்பாலும் ஒற்றையான பாதை அது. ஆகவே கரி வண்டிகள் இரவிலும் ஓடின. பதினைந்து ஆண்டுகளாகவாவது கனமான வண்டி எதையும் கேட்டிராத வீடுகளின் ஜன்னலுக்கு வெளியே நள்ளிரவில் 1,500 டன் கரி உருண்டுபோனால் என்ன ஆகும்? கட்டில் அதிர்கிறது, தூக்கம் கெடுகிறது, வீட்டு விலை விழுகிறது என்று புகார்கள் கிளம்பின. கலந்தாய்வின்போது இரவு வண்டிகளைப் பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை என்பது மக்களின் முக்கியக் குறை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு மனுவும் போனது. ஆனால் தேசிய வலையமைப்பின் பகுதியாகிவிட்ட பாதையில் நேரக் கட்டுப்பாடு விதிப்பது எளிதல்ல. வண்டி ஓட்டும் கம்பெனி கேட்டால், இடம் இருக்கும் நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். ஊருக்கு ரயிலைக் கொண்டுவந்த அதே சரக்கு, தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்குத் தொல்லையாக வந்து சேர்ந்தது. இழப்பை அவர்கள் தாங்க, பலன் ஃபைஃபிலிருந்து எடின்பரோவுக்குப் போகும் பயணிக்கும் போய்ச்சேர்ந்தது. இந்தப் பங்கீட்டைத் திட்ட அறிக்கைகள் இன்னும் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும்.

லாங்கனெட்டுக்குப் பின்

அந்த வண்டிகளை நிறுத்தியது மனு அல்ல. கரியமில வாயு வெளியேற்றத்துக்கான கட்டணம் ஏறியது. மின்தொடரமைப்பைப் பயன்படுத்தும் கட்டணமும் நுகர்வு மையங்களிலிருந்து தொலைவில் இருக்கும் ஸ்காட்லாந்து நிலையங்களுக்கு அதிகம். கட்டுப்படியாகவில்லை என்று ஸ்காட்டிஷ்பவர் நிறுவனம் 2015-ல் அறிவித்து, 2016 மார்ச் 24 அன்று லாங்கனெட்டை அணைத்தது. ஸ்காட்லாந்தில் கரியால் மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அது. புகைபோக்கியை 2021 டிசம்பர் 9 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அலோவாவுக்குக் கிழக்கே உள்ள தடம் மறுபடியும் பழைய நிலைக்குப் போனது. எப்போதாவது சுற்றுலாவுக்கு ஓட்டும் சிறப்பு வண்டிகளைத் தவிர அதில் வழக்கமான போக்குவரத்து இல்லை. காலியான மின் நிலைய நிலத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலை கட்டப்போவதாக ஸ்பெயினின் டால்கோ நிறுவனம் 2018-ல் சொன்னது. பக்கத்திலேயே தண்டவாளம் இருந்தது அந்த இடத்தின் பெரிய கவர்ச்சி. பிரிட்டனின் அதிவேக ரயில் ஒப்பந்தம் 2021-ல் வேறு நிறுவனங்களுக்குப் போக, தொழிற்சாலை எழவில்லை. கின்கார்டின் வழியாக டன்ஃபெர்ம்லின் வரை பயணிகள் வண்டியை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுப்பப்படுகிறது. அதற்கு வேண்டிய தண்டவாளம் முழு நீளமும் இருக்கிறது என்பது கோருபவர்களின் வலுவான வாதம். வளைவுகள் நிறைந்த, சரக்கு வேகத்துக்குப் போட்ட ஒற்றைப் பாதை என்பது மறுதரப்பின் பதில்.

மேற்குப் பாதியின் நிலை வேறு. 2018 டிசம்பரில் ஸ்டர்லிங்கிலிருந்து அலோவா வரை மின்கம்பி இழுக்கப்பட்டு, டீசல் வண்டிகளுக்குப் பதில் மின்சார வண்டிகள் வந்தன. கம்பி அலோவா நிலையத்தோடு முடிகிறது.

இதை ஒத்த இன்னொரு எடுத்துக்காட்டு ஃபைஃப் மாவட்டத்திலேயே உண்டு. 1969-ல் பயணிகளையும் 2001-ல் சரக்கையும் இழந்த லெவன் கிளைப்பாதையின் ஒரு பகுதியில், 2010களில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தின் கரிக்காகச் சில ஆண்டுகள் மட்டும் கூட்ஸ் வண்டிகள் ஓடி நின்றன. அங்கே பயணிகள் சேவை கரியின் துணையின்றி, தன் கணக்கிலேயே வாதாடிப் பணம் பெற்று, 2024 ஜூன் 2 அன்று தொடங்கியது. அலோவாவில் எதிர்பார்ப்பை மீறிக் கூடிய கூட்டம் அந்த வாதத்துக்குக் கைகொடுத்த முன்னுதாரணங்களில் ஒன்று.